தனி ஆள், சொந்த வண்டி, எல்லைக்கு அப்பால்!

மதுரையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு தன்னந்தனியாக நாடு தாண்டிப் போக ஆசைப்படுவோர் பெருகிவருகிறார்கள். சாலை தயார். மற்றவை?

சோனாலி. உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூரிலிருந்து வடக்கே சுமார் 100 கி.மீ. தள்ளியிருக்கும் எல்லை ஊர். சாலையோரம் சரக்கு லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. நடுவே சைக்கிள் ரிக்‌ஷாக்கள், தலையில் மூட்டையோடு நடப்பவர்கள், கைக்குழந்தையோடு போகும் பெண்கள், ஹாரன், தூசி. இந்த நெரிசலுக்குள் டி.என். 58 என்று தொடங்கும் நம்பர் பிளேட்டோடு ஒரு கார் நுழைந்தால் போதும், கண்ணாடியைத் தட்ட இரண்டு மூன்று பேர் ஓடிவருவார்கள். “பன்சார்? பன்சார்?” நேபாளச் சுங்கத்துக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். உங்கள் பேப்பரை வாங்கிப்போய் வரிசையில் நின்று, கட்டணம் கட்டி, முத்திரை வாங்கித் தருகிறோம் என்பதுதான் அவர்கள் சொல்லும் சேதி. கூலி உண்டு.

கூட இன்னொருவர் இருந்தால் சிக்கலே இல்லை. ஒருவர் வண்டியில் உட்கார்ந்திருப்பார், மற்றவர் கவுன்டருக்குப் போவார். தனியாக வந்தவர் என்ன செய்வார்? பின்சீட்டில் துணிப்பை, கேமரா, லேப்டாப். டேஷ்போர்டில் செல்போன். வண்டியை நிறுத்தவும் இடமில்லை, நிறுத்திவிட்டுப் போகவும் மனமில்லை. ஒரிஜினல் ஆர்.சி. புத்தகத்தை முன்பின் தெரியாத ஆளிடம் கொடுக்கவும் பயம். மதுரையிலிருந்து சுமார் 2,500 கி.மீ. சளைக்காமல் ஓட்டி வந்தவர் இந்த ஐம்பதடி தூரத்தில் திணறிப்போகிறார்.

தனியாக எல்லை தாண்டுவது என்றதும் நம் ஆட்களுக்கு முதலில் வருகிற கவலை திருடன், காடு, இருட்டு. மதுரை பசுமலை டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். “தனியாவா போறீக? துணைக்கு யாரும் வரலையாண்ணே?” என்றுதான் கேட்பார்கள். சரியான கேள்விதான். ஆனால் துணை எதற்கு வேண்டும் என்பதில்தான் பலருடைய கணக்கு தப்பிப்போகிறது.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

நடிகர் அஜித் குமார் பைக்கில் இந்திய மாநிலங்களைச் சுற்றிவிட்டு நேபாளம், பூடான் வரை போய்வந்த படங்கள் பரவியது ஒரு காரணம். 2023 மே மாதம் அவர் பைக் பயணங்களுக்காகவே ‘ஏ.கே. மோட்டோ ரைடு’ என்ற நிறுவனத்தை அறிவித்த பிறகு, இது சினிமாக்காரர்களுக்கு மட்டும் வாய்த்த விஷயம் அல்ல என்ற எண்ணம் இளைஞர்களுக்கு வந்துவிட்டது. 2025 ஆகஸ்ட் 15 முதல் ஓன் போர்டு வண்டிகளுக்கு 3,000 ரூபாயில் 200 முறை தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டுகளைக் கடக்கும் ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் வந்தது இன்னொரு காரணம். டோல் கணக்குப் போட்டுப் பயந்தவர்கள் பெட்ரோல் கணக்கு மட்டும் போட ஆரம்பித்தார்கள்.

மதுரைக்கு இது ஒன்றும் புதிய பைத்தியமல்ல. டி.வி. சுந்தரம் அய்யங்கார் பேருந்துத் தொழிலில் இறங்கியது 1912-ல். குதிரை, மாட்டு லாட ஆணிகள் டயரைக் குத்தாமல் இருக்க, காந்தம் பொருத்திய வண்டியை விட்டுச் சாலையைச் சுத்தம் செய்த நிறுவனம் அது. வண்டி ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, வழியையும் தயார்செய்ய வேண்டும் என்று நூறாண்டுக்கு முன்பே புரிந்துகொண்ட ஊர் இது.

பசுமலையிலிருந்து கிளம்புகிறவருக்கு ஸ்ரீநகர்–கன்னியாகுமரி தேசிய நெடுஞ்சாலை 44 வீட்டு வாசல் மாதிரி. தெற்கே கப்பலூர் டோல்கேட்டில் உள்ளூர்க்காரர்கள் கட்டணவிலக்குக் கேட்டுப் பல வருடமாகப் போராடிவருவது தெரிந்ததே. நல்லவேளை, நேபாளம் போக அது குறுக்கே வராது. சமயநல்லூர் வழியாக ஏறினால் திண்டுக்கல், சேலம், பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர் வரை ஒரே சாலை. நாக்பூருக்கும் சிவனிக்கும் இடையே பெஞ்ச் புலிகள் காப்பகத்தில் விலங்குகள் கீழே போக, வண்டிகள் மேலே போகப் பாலம் கட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டி ஜபல்பூர், ரீவா, வாரணாசி, கோரக்பூர். காசிக்கு வேன் ஓட்டிப் பழகிய நம்மூர் டிரைவர்களுக்கு வாரணாசி வரை தண்ணீர் பட்ட பாடு. அதற்கு அப்பால்தான் கதை.

[பெட்டிச் செய்தி] எந்தக் கதவு திறந்திருக்கிறது?

நேபாளம்: இந்தியப் பதிவெண் கார், பைக்குக்குப் பன்சார் கட்டி நுழையலாம். நாள் கணக்கில் கட்டணம். ஆண்டுக்கு 30 நாள் வரைதான். விசா கிடையாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும்; ஆதாரை மட்டும் நம்பிப் போக வேண்டாம். வண்டி ஓட்ட நம் லைசென்ஸே போதும்.

பூடான்: மேற்கு வங்கத்தின் ஜெய்கானுக்கு எதிரே புன்ட்ஷோலிங் வழியாக. இந்தியருக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் சுற்றுலா வளர்ச்சிக் கட்டணம். 2022 செப்டம்பர் 23-ல் எல்லையை மறுபடி திறந்தபோது நடைமுறைக்கு வந்தது. ஆளுக்கும் வண்டிக்கும் தனித்தனி அனுமதி.

மியான்மர்: 2018 ஆகஸ்டில் மணிப்பூரின் மோரேவுக்கும் எதிரேயுள்ள தமுவுக்கும் இடையிலான எல்லை பாஸ்போர்ட், விசா வைத்திருப்போருக்கு முறைப்படி திறந்தது. 2021 ராணுவப் புரட்சிக்கும் 2023 மணிப்பூர் கலவரத்துக்கும் பிறகு அந்த வழியை நம்பித் திட்டம் போட முடியாது.

பங்களாதேஷ்: விசா வேண்டும், வண்டிக்குக் கார்னே என்ற சுங்க ஜாமீன் பத்திரம் வேண்டும்.

பாகிஸ்தான்: அட்டாரி சோதனைச் சாவடி 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு மூடப்பட்டது.

இலங்கை: 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத்தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பலில் ஆள் போகலாம், கார் போகாது.

பேப்பரில் யார் பெயர்?

மதுரையில் எத்தனை கார்கள் ஓட்டுகிறவரின் சொந்தப் பெயரில் இருக்கின்றன? அப்பா பெயரில், மனைவி பெயரில், கம்பெனி பெயரில். மனைவி பெயரில் வாங்கினால் ராசி என்று வாங்கியவர்களும் உண்டு. உள்ளூரில் இதைப்பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் எல்லையில் வண்டியும் ஆளும் ஒன்று என்று காட்டவேண்டும். ஆர்.சி.யில் இருக்கும் பெயர் வேறு, ஸ்டியரிங்கில் இருக்கும் ஆள் வேறு என்றால், உரிமையாளர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் தேவை. நோட்டரி முத்திரையோடு, ஆங்கிலத்தில் இருந்தால் உத்தமம். குடும்பத்தோடு போனால் அந்த மனைவியே பக்கத்து சீட்டில் இருப்பார், ஒன்றும் கேட்க மாட்டார்கள். தனியாகப் போகும்போது பக்கத்து சீட் காலி. திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் முதலில் விழுவது தனி ஆள் மேல்தான்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். இதுதான் பெரிய ஓட்டை. நாம் வருடாவருடம் புதுப்பிக்கும் மோட்டார் பாலிசி இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். எல்லைக்கோட்டுக்கு அந்தப்பக்கம் பத்தடி போய் ஒரு சைக்கிள்காரரை இடித்தாலும் பாலிசி கைகொடுக்காது. இதற்கென்றே ஒரு சேர்க்கை இருக்கிறது: ஐ.எம்.டி.-1, அதாவது பாலிசி செல்லுபடியாகும் நிலப்பரப்பை விரிவாக்குவது. நேபாளம், பூடான், பங்களாதேஷ், இலங்கை, மாலத்தீவு, பாகிஸ்தான் ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. மோட்டார் கட்டணப் பட்டியலின்படி முழு பாலிசிக்கு 500 ரூபாய், மூன்றாம் நபர் பாலிசிக்கு 100 ரூபாய்தான் கூடுதல். ஒரு வேளை பிரியாணிச் செலவு. ஆனால் கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும். ஏஜென்ட் தானாகச் சொல்வது அபூர்வம். மியான்மர் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

நேபாளம், பூடானைத் தாண்டினால் இன்னும் இரண்டு பேப்பர். ஒன்று, சர்வதேச ஓட்டுநர் அனுமதி. ஆர்.டி.ஓ. ஆபீஸில் 1,000 ரூபாய் கட்டினால் ஒரு வருடத்துக்குத் தருவார்கள். 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் இந்தியா இருப்பதால் இது பல நாடுகளில் செல்லும். இன்னொன்று கார்னே. வண்டிக்குப் பாஸ்போர்ட் என்று சொல்லிக்கொள்வார்கள். உள்ளபடி அது ஒரு ஜாமீன் பத்திரம். இந்த வண்டியை உங்கள் நாட்டில் விற்க மாட்டேன், திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவேன், இல்லையென்றால் சுங்கவரியைக் கட்டுகிறேன் என்கிற வாக்கு. மும்பையிலுள்ள மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கம் போன்ற அமைப்புகள் இதைத் தருகின்றன; அதற்காக உங்களிடமிருந்து வங்கி உத்தரவாதம் வாங்கிக்கொள்வார்கள். பத்து லட்சம் ரூபாய் காரை லண்டன் வரை ஓட்ட ஆசைப்படுகிறவர், அந்தத் தொகையை ஒட்டியோ அதற்கு மேலோ வங்கியில் முடக்கிவைத்துவிட்டுத்தான் சாவியைத் திருகவேண்டும். தனி ஆளுக்கு இதைப் பங்குபோட யாருமில்லை.

பியர்லாண்டிலிருந்து மான்டெரே வரை

இந்தச் சிக்கல் நமக்கு மட்டுமா? உலகத்திலேயே அதிகப் போக்குவரத்துள்ள நில எல்லைகளில் ஒன்றைப் பாருங்கள்: அமெரிக்கா–மெக்ஸிகோ. அங்கேயும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். டெக்ஸஸில் ஹூஸ்டனை அடுத்த பியர்லாண்டில் மீனாட்சியம்மனுக்கே கோயில் உண்டு. மதுரை மீனாட்சி கோயிலிலிருந்து நேபாள எல்லைக்கு 2,500 கி.மீ. என்றால், பியர்லாண்ட் மீனாட்சி கோயிலிலிருந்து லாரெடோ எல்லைக்குச் சுமார் 500 கி.மீ.தான். அங்கிருந்து மான்டெரே நகரம் மூன்று மணி நேர ஓட்டம். நீண்ட வார விடுமுறையில் தனியாகக் காரை எடுத்துவிடலாம் என்று ஐ.டி. பையன்களுக்குக் கை பரபரப்பதில் வியப்பில்லை.

அங்கேயும் முதல் அடி இன்ஷூரன்ஸில்தான் விழுகிறது. அமெரிக்க பாலிசியை மெக்ஸிகோ சட்டம் ஏற்பதில்லை; மெக்ஸிகோ நிறுவனத்தின் பாலிசி தனியாக வேண்டும். இல்லாமல் விபத்தில் சிக்கினால், நஷ்டஈடு யார் கொடுப்பது என்று தீரும்வரை ஓட்டுநரைக் காவலில் வைக்க அங்கே சட்டத்தில் இடமுண்டு. எல்லையோரப் பகுதியைத் தாண்டி உள்ளே போக, வண்டிக்கு பான்ஹெர்சிட்டோ என்ற ராணுவ வங்கியில் தற்காலிக இறக்குமதி அனுமதி வாங்கவேண்டும். 2007-லோ அதற்குப் பிறகோ தயாரான காருக்கு 400 டாலர் வைப்புத்தொகை. கடனில் வாங்கிய கார் என்றால் கடன் கொடுத்தவரின் அனுமதிக் கடிதமும் வேண்டும். உரிய நாளுக்குள் வண்டியை வெளியே கொண்டுவந்து அனுமதியை ரத்துசெய்தால்தான் பணம் திரும்பும்.

[பெட்டிச் செய்தி] மெக்ஸிகோ: ஓட்டுகிறவர் அறிந்தவை

சுங்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் சோதனை, பச்சை என்றால் போகலாம். துப்பாக்கி மட்டுமல்ல, ஒரு தோட்டா சிக்கினாலும் சிறைதான். ‘குவோட்டா’ கட்டணச் சாலை, ‘லீப்ரே’ இலவசச் சாலை. தனியாகப் போகிறவர்கள் கட்டணச் சாலையையே எடுக்கிறார்கள். ஊருக்கு ஊர் ‘தோப்பே’ எனும் வேகத்தடைகள், பல பெயின்ட் இல்லாதவை. வண்டி நின்றுபோனால் 078-ஐ அழைத்தால் ‘பச்சைத் தேவதைகள்’ என்ற அரசு உதவிப்படை வரும். செல்லத்தக்க அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியருக்குத் தனி மெக்ஸிகோ விசா தேவையில்லை.

அந்தக் கடைசி வரியில்தான் நம் பையன்கள் மாட்டிக்கொள்கிறார்கள். எச்-1பி வேலை அனுமதி செல்லும். ஆனால் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா ஸ்டாம்ப் காலாவதியாகியிருக்கும். முப்பது நாளுக்குள் மெக்ஸிகோ போய்த் திரும்பினால் பழைய ஸ்டாம்பையே ஏற்கும் ஒரு விதி அமெரிக்காவில் இருக்கிறது. ஆகவே திரும்பி வருவதற்கு வழி உண்டு. ஆனால் மெக்ஸிகோ உள்ளே விட, அமெரிக்க விசா உயிரோடு இருக்கவேண்டும். ஒரு நாட்டின் சலுகையை மட்டும் படித்துவிட்டு, மறு நாட்டின் விதியைப் படிக்காமல் எல்லைப் பாலத்தில் போய் நிற்பவர்களுக்கு அங்கே யாரும் பரிதாபப்படுவதில்லை.

பயமும் பொய்யல்ல. லாரெடோவுக்கு நேர் எதிரே இருக்கும் நுவோ லாரெடோ, தமாலிபாஸ் மாநிலத்தில் இருக்கிறது. அமெரிக்க அரசு தன் குடிமக்களிடம் ‘போகவே வேண்டாம்’ என்று சொல்லும் மாநிலங்களில் அது ஒன்று. அதே மாநிலத்தின் மத்தமோரோஸில் 2023 மார்ச்சில் நான்கு அமெரிக்கர்கள் கடத்தப்பட்டு, இருவர் கொல்லப்பட்டார்கள். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சுற்றி, அடுத்த மாநிலமான நுவோ லியோனில் இறங்கும் கொலம்பியா பாலத்தைப் பிடிக்கிறார்கள். துணிச்சல் அதிகமுள்ளவர் நேர்வழியில் போகிறார், படித்தவர் சுற்றுவழியில் போகிறார். எனக்கு இரண்டாமவரைத்தான் பிடிக்கிறது.

கிளீனர் இல்லாத லாரி

நம்மூர் லாரிக்காரர்கள் கிளீனர் இல்லாமல் கிளம்ப மாட்டார்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது பாடியைத் தட்டி “வரலாம், வரலாம்” என்று சொல்ல, இரவில் டிரைவர் கண்ணசராமல் பேச்சுக் கொடுக்க, ஸ்டெப்னி மாற்ற, வண்டியில் படுத்துக் காவல் காக்க. படிப்பில்லாத வேலை என்று நினைக்கிறோம். ஆனால் தனியாகக் காரை எடுத்து இரண்டு நாள் ஓட்டியவருக்குத்தான் கிளீனர் எத்தனை வேலை செய்கிறார் என்று தெரியும்.

மியான்மரை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-ல் அந்த நாடு சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. மோரே கேட்டைத் தாண்டிய நொடியில் நம் கார் வலப்பக்கம் ஓடவேண்டும், ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். முன்னால் ஒரு லாரி போனால், அதை முந்த இடப்பக்கமாக எட்டிப் பார்க்கவேண்டும். ஓட்டுகிறவர் உட்கார்ந்திருப்பதோ சாலை ஓரத்துப் பக்கம். இடது சீட்டில் ஒருவர் இருந்தால் “போலாம், வண்டி வரலை” என்று சொல்வார். தனி ஆளுக்குக் காரின் பாதி மூக்கை எதிர்த்தடத்தில் நீட்டினால்தான் எதிரே என்ன வருகிறது என்றே தெரியும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இதே கதை.

நேபாளத்தில் நல்லவேளையாக இடப்பக்கம்தான். அங்கே ஆபத்து வேறு. 2024 ஜூலை 12 அதிகாலையில், நாராயண்காட்–முக்லிங் சாலையில் சிமல்தால் என்ற இடத்தில் மண் சரிந்து இரண்டு பேருந்துகள் திரிசூலி ஆற்றுக்குள் போயின. அறுபதுக்கும் மேற்பட்ட பயணிகள் இருந்தார்கள். காட்மாண்டுவுக்கு இந்தியாவிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் தொடும் சாலை அது. நமக்கு ஆடி, ஆவணி மாதங்களில் லீவு போட வசதி. அதுவே அங்கே மழைக்காலம். நேபாளத்துக்கு ஐப்பசி, கார்த்திகை என்று திட்டமிடுகிறவர் மழையில் மதுரையை விட்டு வெயிலில் இமயத்தைப் பார்ப்பார்.

சாலை மட்டுமல்ல, நாடே ஒரு நாளில் மாறிவிடலாம். 2025 செப்டம்பர் 8, 9 தேதிகளில் காட்மாண்டுவில் இளைஞர் போராட்டம் வெடித்து, பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார். ஊரடங்கு, விமான நிலையம் மூடல். இந்தியச் சுற்றுலாப் பயணிகள் பலர் சிக்கிக்கொண்டார்கள். குழுவாகப் போனவர்களுக்கு டிராவல்ஸ்காரர் ஒருவர் போனில் இருந்தார். தனி ஆளின் போனில் இந்திய சிம். ரோமிங் போடாமல் வந்திருந்தால் அது எல்லையிலேயே செத்துப்போயிருக்கும்.

“தனியாவா?” என்று பெண்ணைக் கேட்டால்

ஆணைக் கேட்கும்போது அது அக்கறை. பெண்ணைக் கேட்கும்போது அது விசாரணை ஆகிவிடுகிறது. இரவு ஒன்பது மணிக்கு ரூம் கேட்டுப் போனால் ‘சிங்கிளுக்குக் கொடுப்பதில்லை’ என்று சொல்லும் லாட்ஜுகள் நம்மூரிலேயே உண்டு; வடக்கே சின்ன ஊர்களில் கேட்கவே வேண்டாம்.

ஆனாலும் போயிருக்கிறார்கள். 2015-ல் நிதி திவாரி டெல்லியிலிருந்து லண்டனுக்கு 17 நாடுகளைக் கடந்து 97 நாளில் போய்ச் சேர்ந்தார். கூடவே இரு தோழிகள் இருந்தாலும் ஸ்டியரிங் முழுக்க அவர் கையில். 2016-ல் பாருலதா காம்ப்ளே இங்கிலாந்திலிருந்து 32 நாடுகள் வழியாகத் தனியாக இந்தியாவுக்குக் காரை ஓட்டிவந்தார். 2017-ல் நம்ம கோயம்புத்தூரிலிருந்து மீனாட்சி அரவிந்த், மூகாம்பிகா ரத்தினம், மும்பை பிரியா ராஜ்பால் மூவரும் 24 நாடுகளை 70 நாளில் கடந்து லண்டன் சேர்ந்தார்கள். 2022-ல் வட கேரளத்தைச் சேர்ந்த ஐந்து பிள்ளைகளின் தாய் நாஜி நௌஷி, தன் தார் ஜீப்பை மும்பையிலிருந்து கப்பலில் ஓமனுக்கு அனுப்பி, வளைகுடா நாடுகள் வழியாகத் தனியே ஓட்டிப்போய்க் கத்தார் உலகக் கோப்பை கால்பந்து பார்த்தார். வண்டியிலேயே அடுப்பு, அரிசி, கூரைமேல் கூடாரம். லாட்ஜ்காரரின் கேள்விக்கே இடம் வைக்கவில்லை.

இந்தப் பெயர்களைப் பார்த்தால் ஒன்று கவனிக்கலாம். முற்றிலும் தனியாகப் போனவர்கள் குறைவு. தனியாகப் போனவர்களும், கிளம்பும் முன் மாதக்கணக்கில் தூதரகம், சுங்கம், கப்பல் கம்பெனி என்று அலைந்தவர்கள். படத்தில் மணல்மேடும் பனிமலையும் வரும். அந்த அலைச்சல் வராது.

சோனாலி போன்ற எல்லைகளில் இன்னொரு கண்ணும் உண்டு. 1993-ல் அனுராதா கொய்ராலா தொடங்கிய ‘மைதி நேபாள்’ அமைப்பினர், இளம்பெண்கள் விற்பனைக்குக் கடத்தப்படுவதைத் தடுக்க எல்லைச் சாவடிகளில் நின்று, சந்தேகம் வந்தால் பெண்களை நிறுத்திப் பேசுகிறார்கள். அவர்கள் தேடுவது இந்தியப் பக்கம் கொண்டுவரப்படும் நேபாளப் பெண்களை. தனியாக வரும் பெண்ணிடம் கூடுதலாக நாலு கேள்வி கேட்கும் அந்த ஊர்ப் பழக்கத்துக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. எரிச்சல்படாமல் பதில் சொல்லலாம்.

கேட்டுக்கு இந்தப்பக்கம் தமிழ்

மணிப்பூர் வழியாக மியான்மர், தாய்லாந்து என்று கிழக்கே போக நினைத்தவர்களுக்கு ஒரு ஆச்சரியம் இருந்தது. எல்லை ஊரான மோரேயில் இறங்கினால் தமிழில் பேசலாம். அங்காள பரமேஸ்வரி, முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1962-ல் பர்மாவில் நே வின் ஆட்சிக்கு வந்து கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கியபோது, லட்சக்கணக்கில் இந்தியர்கள் கையில் காசில்லாமல் கப்பலேறினார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் ஒட்ட முடியாத ஒரு கூட்டம், விட்டுவந்த பர்மாவுக்கே தரைவழியாகத் திரும்பப் புறப்பட்டது. மோரே வரை போனார்கள். அந்தப்பக்கம் உள்ளே விடவில்லை. இந்தப்பக்கமும் போக வேறிடம் இல்லை. அங்கேயே குடிசை போட்டு, கடை வைத்து, கோயில் கட்டினார்கள். எல்லை தாண்டும் வழியை நம்பிப் போய், எல்லையிலேயே ஊராகிப்போனவர்கள்.

இந்தியா–மியான்மர்–தாய்லாந்து முத்தரப்பு நெடுஞ்சாலை அந்த ஊரில்தான் தொடங்குகிறது. தாய்லாந்தின் மே சோட் வரை சுமார் 1,360 கி.மீ. அது முழுதாக முடிந்தால் மதுரைக்காரர் பாங்காக் வரை சொந்தக் காரில் போகலாம் என்று பேசிய காலம் ஒன்று இருந்தது. 2017 கோவைப் பெண்கள் போனதும் அந்த வழியில்தான். 2023 மே கலவரத்தில் மோரே எரிந்தது. மெய்த்தி, குக்கி மோதலுக்குச் சம்பந்தமில்லாத தமிழர் வீடுகளும் தப்பவில்லை. 2024 பிப்ரவரியில், எல்லையோர மக்கள் 16 கி.மீ. வரை சுலபமாகப் போய்வரும் ஏற்பாட்டை ரத்துசெய்வதாக மத்திய அரசு அறிவித்தது. அந்தக் கதவு எப்போது திறக்கும் என்று கேட்பதில் பைக் பையன்களுக்கு ஒரு ஆவல். அந்தக் கேள்வியை வயிற்றுப்பாட்டோடு கேட்பவர்கள் மோரே கடைத்தெருவில் இருக்கிறார்கள்.

வீட்டிலிருந்து போன் வந்தால்

கடைசியாக, யாரும் பேச விரும்பாத விஷயம். நீங்கள் நேபாளத்தின் பொக்காராவில் இருக்கிறீர்கள். பசுமலையில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. உடனே கிளம்பவேண்டும். காட்மாண்டுவிலிருந்து மதுரைக்கு நேரடி விமானம் இல்லை; டெல்லி வழியாக எப்படியோ அடுத்த நாள் வந்துவிடலாம். கார்?

இரண்டு பேர் போயிருந்தால் ஒருவர் விமானம் ஏறுவார், மற்றவர் காரை ஓட்டி வருவார். தனியாகப் போனவரின் கார், அவர் பெயரில் பன்சார் எழுதிய கார். அனுமதித்த நாள் தாண்டினால் அபராதம் ஏறும். மெக்ஸிகோவில் என்றால் வைப்புத்தொகை போகும், அடுத்த முறை வேறு வண்டிக்கும் அனுமதி கிடைக்காது. கார்னே நாடுகளில் என்றால் வெளியேறிய முத்திரை இல்லாததால் அந்த நாட்டுச் சுங்கம் வரி கேட்கும். சங்கம் அதை உங்கள் வங்கி உத்தரவாதத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆளும் வண்டியும் சேர்ந்துதான் உள்ளே வந்தார்கள், சேர்ந்துதான் வெளியேறவேண்டும் என்பதே எல்லா நாட்டுச் சுங்கத்துக்கும் கணக்கு. உங்களுக்கே கால் முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்தாலும் இதே நிலைமைதான்.

இதற்குச் செய்யக்கூடியது உண்டு; கிளம்பும் முன் செய்யவேண்டும். காரை ஓட்டத் தெரிந்த, பாஸ்போர்ட் உள்ள ஒரு தம்பியையோ நண்பரையோ பிடித்து, அவர் பெயரில் அதிகாரப் பத்திரம் எழுதி, நோட்டரியிடம் பதிந்து, ஒரு பிரதியை வண்டியிலும் இன்னொன்றை அவரிடமும் வைக்கவேண்டும். மாற்றுச் சாவி மதுரையில் அவர் கையில் இருக்கட்டும். எந்த எல்லை வழியாக உள்ளே போனீர்கள், எந்தத் தேதி வரை கட்டினீர்கள் என்று அன்றன்றே ரசீதைப் படமெடுத்து அவருக்கு அனுப்பிவிடவேண்டும். பயணத்துக்குத் துணை வராத ஒருவரைத் துணையாக நியமிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைக் கேட்காமல் பெயரை எழுதிவிடாதீர்கள். பொக்காரா வரை வந்து வண்டியை எடுத்து 2,500 கி.மீ.க்கு மேல் தனியாக ஓட்டிவரப்போவது அவர்தான்.